அதிகாரப் பிரிவினையும் கிள்ளான் தந்த பாடமும்

ஆள்பவனே வழக்கையும் தீர்ப்பவனானால் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் நமக்கு முன்னரே உணர்த்தியுள்ளது. பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், தீர விசாரியாமலே கோவலனைக் கொல்லப் பணித்தான். சட்டமியற்றல், நிருவாகம், நீதி ஆகிய மூன்று அதிகாரங்களும் ஒரே கையில் சேரலாகாது எனப் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்க்யூ 1748-இல் எழுதினார். இவ்வுண்மையை மலாயாத் தமிழர் ஏட்டில் படித்து அறியவில்லை. இரப்பர்த் தோட்டங்களில் பட்டு அறிந்தனர்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவு ஒழிய வேண்டும் என்பன அவர்தம் கோரிக்கைகளுட் சில. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அவர்களை வழிநடத்தினார். மே மாதத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அதனால் கொதித்தெழுந்த தொழிலாளரை அடக்க, சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். நாதனோ நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

இது எவ்வாறு இயன்றது? அன்றைய கூட்டரசு மன்றத்தில் அரசாங்க அதிகாரிகளே பெரும்பான்மையினர். மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இலர். சட்டத்தை ஆக்கியோரும் ஆணையிட்டுச் சிறைப்பிடித்தோரும் ஓர் அமைப்பினரே. அவர்தம் ஆணையைத் தட்டிக்கேட்கத் தோட்டத் தொழிலாளிக்கு வேறு வாயில் இருக்கவில்லை.

விடுதலை பெற்ற நாட்டின் 1957-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் அவ்வாயிலைத் திறந்தது. நீதி அதிகாரம் நீதிமன்றங்களிடமே உள்ளதென 121-ஆம் பிரிவு கூறிற்று. 1988-இல் அச்சொற்கள் நீக்கப்பட்டன. நாடாளுமன்றச் சட்டம் வழங்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு உண்டு என்றாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நாட்டின் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் பதவிநீக்கம் செய்யப்பட்டார்.

இதன் விளைவைச் செமினி நில வழக்கு காட்டியது. நெடுஞ்சாலைக்காக எடுக்கப்பட்ட நிலத்தின் இழப்பீட்டை உலு லங்காட் நில நிருவாகி நிர்ணயித்தார். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றபோதும், தொகையை முடிவு செய்யும் உரிமையைச் சட்டம் இரு மதிப்பீட்டாளர்க்கே அளித்திருந்தது. நீதிபதி அதற்குக் கட்டுப்பட வேண்டியவரானார். 2017-இல் கூட்டரசு நீதிமன்றம் அவ்விதியைச் செல்லாததாக்கி, தீர்ப்பளிப்பது நீதிபதியின் பணியே என்று உறுதிசெய்தது. ஆயினும் 2021-இல் வேறொரு வழக்கில் அந்நீதிமன்றத்தின் பெரும்பான்மையினர் மாறுபட்ட கருத்துரைத்தனர். 1988 எழுப்பிய வினா அத்துடன் தீர்ந்துவிடவில்லை.

நிலம், உரிமம், குடியுரிமை என நம் வாழ்வின் பெரும்பகுதி இன்று அதிகாரிகளின் மேசையில் முடிவாகிறது. பரந்த நாட்டை ஆள அது தேவையே. ஆனால் அம்முடிவு தவறெனக் கருதும் எளியவன், அவ்வதிகாரிக்குக் கட்டுப்படாத ஒருவர்முன் சென்று நியாயம் கேட்க இயல வேண்டும். 1941-இல் கிள்ளான் தொழிலாளர்க்குக் கிட்டாத அவ்வுரிமையைக் காப்பது, அவர்தம் வழித்தோன்றல்களாகிய நம் கடமையாகும்.