ஒரு சின்ன ஓட்டையின் 138 வருடக் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். மணி அடித்து யாரும் எழுந்து போகச் சொல்லப் போவதில்லை.

"டீச்சர், புதுசா வாங்கின போன்ல ஹெட்செட் ஓட்டையே இல்லை. என்ன கன்வெர்ட்டர் வாங்கறது? கடையில நூறு ரூபாய்க்கும் இருக்கு, ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கு." ஒரே மாதத்தில் மூன்று பேர் இதைக் கேட்டுவிட்டார்கள். பதிலை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஓட்டை எங்கிருந்து வந்தது, ஏன் போனது என்று தெரிந்தால் நீங்களே கடையில் நின்று சரியானதை எடுப்பீர்கள். எதையும் ஆரம்பத்திலிருந்து சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

1878 ஜனவரி 28. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் ஜார்ஜ் காய் என்பவர் பொதுமக்களுக்கான முதல் வணிகத் தொலைபேசி இணைப்பகத்தைத் திறந்தார். மொத்தம் 21 சந்தாதாரர்கள். இணைப்புப் பலகையைக் குதிரை வண்டி போல்ட்டுகளையும், அந்தக் காலத்துப் பெண்கள் பாவாடைக்கு உள்ளே வைத்துக் கட்டிய கம்பியையும் கொண்டு செய்தார்கள். கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடிப்பது நம் ஊர் மெக்கானிக்குகளுக்கு மட்டும் உள்ள குணம் இல்லை!

அதே காலத்தில் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்ற பொறியாளர் இந்தப் பலகைகளுக்கு ஒரு சுவிட்ச் வடிவமைத்தார். மடக்குக் கத்தி போல இருந்ததால் அதை ஜாக்நைஃப் சுவிட்ச் என்றார்கள். ஜாக்நைஃப் என்றால் மடக்குக் கத்தி. அந்தப் பெயர்தான் தேய்ந்து 'ஜாக்' ஆனது என்பார்கள். பிறகு அது வளர்ந்து, கயிற்றின் நுனியில் ஒரு பின், பலகையில் ஒரு துளை என்ற வடிவத்துக்கு வந்தது. பின்னின் பருமன் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. ஒருவர் இன்னொருவருடன் பேச வேண்டுமென்றால், இணைப்பாளர் ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்குக் கயிற்றைச் செருகுவார். அவ்வளவுதான் தொலைபேசி.

முதலில் இந்த வேலைக்குப் பையன்களை வைத்தார்கள். அவர்கள் சந்தாதாரர்களிடம் மரியாதையில்லாமல் பேசியதால், 1878 செப்டம்பர் 1 அன்று பாஸ்டனில் எம்மா நட் என்ற பெண்ணை நியமித்தார்கள். முதல் பெண் தொலைபேசி இணைப்பாளர் அவர்தான். அதற்குப் பிறகு அது பெண்கள் வேலை என்றே ஆகிவிட்டது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1882 ஜனவரி 28 அன்று இணைப்பகங்கள் தொடங்கப்பட்டன. நியூ ஹேவனுக்குச் சரியாக நாலே வருடம் கழித்து.

நம் உறவுகளுக்கு இது புத்தகக் கதை இல்லை. பெரிய அத்தை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். தலையில் ஹெட்செட், எதிரே துளைத் துளையாய்ப் பலகை, இரண்டு கையிலும் கயிறு. டிரங்க்கால் போட்டுவிட்டு நாம் அரை நாள் காத்திருந்தது அந்தத் துளைகளுக்காகத்தான். வலது தோள்பட்டை வலியை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஹெட்போனுக்கும் ஒரு தனிக் கதை உண்டு. 1910 வாக்கில் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நாதனியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் வைத்தே ஹெட்போன் செய்து அமெரிக்கக் கடற்படைக்கு விற்றார். 1958-ல் ஜான் காஸ் பாட்டு கேட்பதற்கென்று ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார். ஸ்டீரியோ ஹெட்போனுக்கும் அந்தத் தொலைபேசிப் பலகையின் பின் வகைதான். இன்றைக்கும் கச்சேரி மேடையில் கீபோர்டையும் கிடாரையும் பாருங்கள், அதே கால் அங்குலப் பின்தான் இருக்கும்.

1950-களில் டிரான்சிஸ்டர் ரேடியோ வந்தது. சட்டைப் பைக்குள் போகும் பெட்டிக்குக் கால் அங்குலப் பின் யானைக்குட்டி மாதிரி. அதனால் சின்னதாக 3.5 மி.மீ. பின் பிறந்தது. ஒற்றைக் காதில் செருகி கிரிக்கெட் வர்ணனை கேட்ட அண்ணன்மார்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி வாக்மேன் வெளிவந்து 3.5 மி.மீ. பின்னை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. முதல் வாக்மேனில் இருவர் சேர்ந்து கேட்க இரண்டு ஓட்டைகள் இருந்தன.

இந்த இடத்தில்தான் கன்வெர்ட்டர்கள் வருகின்றன. பழைய பெரிய பின்னைச் சின்ன ஓட்டையிலும், சின்னப் பின்னைப் பெரிய ஓட்டையிலும் செருக ஓர் உலோகக் குழாய் போதும். உள்ளே எந்த மின்னணுச் சமாசாரமும் கிடையாது. அளவு மட்டும்தான் மாறுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இப்போது உங்கள் வீட்டு இயர்போன் பின்னை எடுத்துப் பாருங்கள். இரண்டு வளையக் கோடுகள் இருந்தால் மூன்று பகுதிகள்: இடது காது, வலது காது, மூன்றாவது பொதுவான மின்பாதை. மூன்று கோடுகள் இருந்தால் நான்கு பகுதிகள். கூடுதலாக வந்தது மைக். இந்த மைக்கையும் பொதுப்பாதையையும் எந்த வரிசையில் வைப்பது என்பதில் நிறுவனங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தன. ஒரு வரிசைக்குப் பெயர் ஓ.எம்.டி.பி., மற்றதற்கு சி.டி.ஐ.ஏ. கடைசியில் சி.டி.ஐ.ஏ. ஜெயித்தது. பழைய ஹெட்செட்டைப் புதுப் போனில் செருகும்போது பாட்டில் பாடகர் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து கேட்கிறதா? மைக் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சரியாகிறதா? அப்படியென்றால் ஹெட்செட் கெட்டுப்போகவில்லை, வரிசைதான் மாறியிருக்கிறது.

செல்போன்காரர்கள் இந்த ஓட்டையை ஒருபோதும் முழு மனதோடு ஏற்றுக்கொண்டதில்லை. 2007-ல் வந்த முதல் ஐபோனில் ஓட்டை இருந்தது, ஆனால் உள்ளடங்கிக் குழிவாக இருந்ததால் பல ஹெட்போன்கள் நுழையவில்லை. தனியாகக் கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருந்தது. 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனில் ஓட்டையே இல்லை. ஆக, நாம் இன்று புலம்புகிற புலம்பலைத் தொடுதிரைப் போன்களின் முதல் வாடிக்கையாளர்களே புலம்பி முடித்துவிட்டார்கள். பிறகு சில வருடங்கள் 3.5 மி.மீ. பெரும்பாலான போன்களில் இருந்தது. 2014-ல் ஆப்போ 4.85 மி.மீ. தடிமனில் ஒரு போன் செய்தது. அதில் ஓட்டைக்கு இடம் இல்லை.

2016-தான் திருப்பம். அந்த வருடம் லீ எகோ, மோட்டோரோலா ஆகியவை ஓட்டை இல்லாத போன்களை விட்டன. செப்டம்பர் 7 அன்று ஆப்பிள் ஐபோன் 7-ஐ அறிமுகம் செய்தது. ஓட்டையை ஏன் எடுத்தோம் என்பதற்கு அந்த நிறுவனத்தின் பில் ஷில்லர் மேடையில் சொன்ன காரணம் 'துணிச்சல்'. அதே மேடையில் 159 டாலர் விலையில் கம்பியில்லா இயர்போனும் அறிமுகமானது. காரணத்தையும் இதையும் சேர்த்துப் பார்ப்பது உங்கள் விருப்பம்.

1878-லிருந்து 2016 வரை 138 வருடம். மற்றவர்கள் முதலில் கேலி செய்தார்கள். கூகுள் தன் முதல் பிக்சல் போன் விளம்பரத்தில் எங்களிடம் ஓட்டை இருக்கிறது என்று குத்திக் காட்டியது. அடுத்த வருடமே பிக்சல் 2-ல் எடுத்துவிட்டது. சாம்சங்கும் விளம்பரத்தில் சீண்டியது; 2019-ல் நோட் 10-லிருந்து எடுத்துவிட்டது. இடம் மிச்சம், பெரிய பேட்டரி, தண்ணீர் புகாது என்றார்கள். இடம் மிச்சம் என்பது உண்மைதான். தண்ணீர்க் காரணம் அவ்வளவு வலுவில்லை: ஓட்டையோடு வந்த சாம்சங் எஸ் 7, அதே 2016-ல் தண்ணீரைத் தாங்கியது. ஐபோன் 7 பெட்டிக்குள் கன்வெர்ட்டரை இலவசமாக வைத்தார்கள். 2018-லிருந்து அதையும் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

இனி கன்வெர்ட்டர். போனுக்குள் பாட்டு என்பது வெறும் எண்கள். காதுக்கு வேண்டியது ஏறி இறங்கும் மின்னலை. எண்ணை அலையாக மாற்றும் சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர், கடைக்காரர்கள் 'டாக்' என்பார்கள். பழைய போனில் இந்த மாற்றமெல்லாம் உள்ளேயே முடிந்து, ஓட்டை வழியாக அலை வெளியே வந்தது. இப்போது அந்த வேலை எங்கே நடக்கிறது என்பதுதான் நூறு ரூபாய்க்கும் ஆயிரம் ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி.

முதல் வகை, சில்லு இல்லாத டைப் சி கன்வெர்ட்டர். உள்ளே வெறும் கம்பிதான், நான் முன்னே சொன்ன உலோகக் குழாயின் பேரப்பிள்ளை. போனே அலையாக மாற்றி டைப் சி வழியாக அனுப்பினால்தான் இது பாடும். அந்த வசதி இல்லாத போனில் எவ்வளவு செருகினாலும் ஊமைதான். கடையில் வாங்கும்போது நன்றாக இருந்தது, வீட்டில் வேறு போனில் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுவே.

இரண்டாவது வகை, சில்லு உள்ளது. போன் எண்ணாகவே அனுப்பும்; கன்வெர்ட்டரின் தலைப்பகுதிக்குள் இருக்கும் சில்லு அலையாக மாற்றும். இன்றைய டைப் சி போன்கள் பெரும்பாலானவற்றில் இது வேலை செய்யும். பேட்டரியைக் கொஞ்சம் உறிஞ்சும். சில போன்களில் அமைப்புகளுக்குள் போய் ஓ.டி.ஜி. என்பதை இயக்கினால்தான் பாடும். ஆப்பிளின் டைப் சி கன்வெர்ட்டர் விலைக்கு நல்ல சரக்கு. ஆனால் சில ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் மிகக் குறைவாக வருகிறது.

மூன்றாவது, ஐபோன் 14 வரைக்குமான லைட்னிங் கன்வெர்ட்டர். அந்த வாய் வழியாகப் போவது எண் மட்டுமே என்பதால் இதற்குள் சில்லு கட்டாயம். 2023-ல் வந்த ஐபோன் 15-லிருந்து டைப் சி. நான்காவது, சார்ஜும் போட்டுக்கொண்டு பாட்டும் கேட்கும் இரட்டை வாய். ஐந்தாவது, சட்டையில் மாட்டும் புளூடூத் பெட்டி. பழைய இயர்போனை அதில் செருகலாம், ஆனால் அதையும் தினம் சார்ஜ் போட வேண்டும்.

புளூடூத் இருக்கும்போது இவ்வளவு எதற்கு என்று இளையவர்கள் கேட்பீர்கள். கேட்ட மூவரில் ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவன். பிறவியிலேயே பார்வை இல்லை. இப்போது ஓர் அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளர். நம் நாட்டில் பார்வையற்றோர் பலருக்குச் சோறு போட்ட வேலை அது. கயிற்றுப் பலகை போய்ப் பொத்தான் பலகை வந்த காலத்தில் சேர்ந்தவன்.

அவன் போனைக் காதால்தான் படிக்கிறான். விரல் படும் ஒவ்வொரு எழுத்தையும் போன் வாய்விட்டுச் சொல்லும். புளூடூத்தில் குரல் ஒரு நொடியின் சிறு பங்கு தாமதித்து வரும். நமக்கு அது தெரியாது. அவனுக்கோ, 'க' என்று கேட்பதற்குள் விரல் அடுத்த எழுத்துக்குப் போயிருக்கும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் இணைப்பு தூங்கிவிடும். எழும்போது முதல் அசையை விழுங்கிவிடும். "டீச்சர், பாஸ்வேர்டு போடும்போது ஸ்பீக்கர்ல வச்சா பஸ்ல இருக்கறவங்க எல்லாருக்கும் கேட்கும். கம்பி இருந்தாத்தான் அது என்னோட ரகசியம்" என்றான். இயர்போன் அவனுக்கு எழுத்தும் பூட்டும். சில்லுள்ள கன்வெர்ட்டரும், மைக் உள்ள ஹெட்செட்டும் வாங்கச் சொன்னேன். இப்போது வங்கி வேலையைத் தானே முடித்துக்கொள்கிறான்.

இன்னொன்றும் உண்டு. போனில் எஃப்.எம். கேட்க இயர்போன் கம்பிதான் ஆண்டெனா. ஓட்டை போனதோடு பல போன்களில் எஃப்.எம்.மும் போய்விட்டது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் கரண்ட் இல்லை, டவர் இல்லை. நாட்கணக்கில் செய்தி சொன்னது ரேடியோதான். 2023-ல் மத்திய அரசே போன்களில் எஃப்.எம். வசதியை முடக்கி வைக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. அதற்கு ஒரு கம்பி வேண்டுமே!

3.5 மி.மீ. ஓட்டையின் பெருமை அதன் ஒலித் தரத்தில் மட்டும் இல்லை. யார் செய்த பின்னும் யார் செய்த பெட்டியிலும் நுழைந்தது. ஐம்பது ரூபாய் இயர்போனும் ஐம்பதாயிரம் ரூபாய்ப் போனும் ஒன்றையொன்று யார் நீ என்று கேட்கவில்லை. அது ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. கிணற்றை மூடியவர்கள் இப்போது குடத்தில் தண்ணீர் விற்கிறார்கள்.

ஆகவே, கடைக்குப் போகும் முன் மூன்று காரியம். பெட்டியில் டி.ஏ.சி. என்று போட்டிருக்கிறதா பாருங்கள். உங்கள் போனையும் இயர்போனையும் எடுத்துப்போய் அங்கேயே பாட்டும் கேட்டு, ஒரு போன் காலும் பேசிப் பாருங்கள். பையில் வைக்கும்போது கன்வெர்ட்டரின் கழுத்தை மடக்காதீர்கள். அது முதலில் அறுவது அங்கேதான்.

மேசை இழுப்பறையில் சும்மா கிடக்கும் பழைய இயர்போன்களைக் குப்பையில் போட வேண்டாம். அருகில் பார்வையற்றோர் விடுதியோ பள்ளியோ இருந்தால், நல்ல நிலையில் உள்ளவற்றை ஒரு கன்வெர்ட்டரோடு கொண்டுபோய்க் கொடுங்கள். உங்களுக்குப் பழசு, அங்கே ஒரு பிள்ளைக்குப் பாடப்புத்தகம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்