பெரிய வியாழன் மாலையில் விழுந்த நகரம்



பெரிய வியாழன் மாலையில் நாம் ஆலயத்தில் கூடும்போது நம் மனம் மேல்மாடி அறையையும் கெத்சமனித் தோட்டத்தையும் சுற்றியே இருக்கும். தென் அமெரிக்காவில் உள்ள வெனிசுவேலா நாட்டு மக்களுக்கு அந்த நாளில் இன்னும் இரண்டு நினைவுகள் உண்டு. ஒன்று விடுதலையின் நினைவு, மற்றொன்று இடிபாடுகளின் நினைவு. இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டுகள்தாம்.

1810ஆம் ஆண்டு பெரிய வியாழன் ஏப்ரல் 19 அன்று வந்தது. கராகஸ் நகர மன்றத்தினர், ஸ்பெயின் அரசரின் ஆளுநர் விசென்தே எம்பரானைப் பதவி விலகச் சொல்லி நெருக்கினர். அவர் மாடி முகப்பில் வந்து நின்று, ‘நான் உங்களை ஆள வேண்டுமா?’ என்று கீழே கூடியிருந்த மக்களைக் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற ஹோசே கோர்த்தெஸ் தெ மதாரியாகா என்ற குருவானவர், ‘வேண்டாம் என்று சொல்லுங்கள்’ எனச் சைகை காட்டினாராம். மக்களும் அப்படியே கூவ, ஆளுநர் ஆட்சி முடிந்தது. அடுத்த ஆண்டு ஜூலை 5ஆம் நாள் வெனிசுவேலா தன்னை விடுதலை பெற்ற நாடாக அறிவித்தது. அந்த அறிக்கையில் குருக்கள் பலரும் கையெழுத்திட்டார்கள். திருச்சபை முழுவதும் அரசர் பக்கமே நின்றது என்று நாம் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

1812ஆம் ஆண்டு பெரிய வியாழன் மார்ச் 26. வெயில் கடுமையான நாள், வானத்தில் மேகமே இல்லை. மாலை நான்கு மணி கடந்து சில நிமிடங்கள். ஆலயங்கள் நிறைந்திருந்தன, பவனி இன்னும் புறப்படவில்லை. அப்போது நிலம் அசைந்தது. நகரின் வடபகுதியில் உயர்ந்து நின்ற திரித்துவ ஆலயமும் அல்தாகிராசியா ஆலயமும் மண்மேடாயின. பவனிக்கு அணிவகுத்து நின்ற போர்வீரர்கள்மேல் அவர்களுடைய பாசறையே சரிந்து விழுந்தது. கராகஸில் மட்டும் ஏறக்குறைய 10,000 பேர் மடிந்ததாக ஜெர்மானிய அறிஞர் ஹும்போல்ட் எழுதினார். அவர்களில் மூவாயிரம் நாலாயிரம் பேர் ஆலயங்களுக்குள்ளேயே நசுங்கி இறந்தார்கள் என்பது அவர் கணக்கு. லா குவைரா, பார்கிசிமேத்தோ, சான் பெலிப்பே, மெரிதா நகரங்களும் விழுந்தன. மெரிதாவின் ஆயர் சந்தியாகோ எர்னாந்தெஸ் மிலானெஸும் இறந்தவர்களில் ஒருவர்.

அன்றிரவு நடந்ததாக ஹும்போல்ட் குறித்துள்ள ஒரு செய்தி நம் உள்ளத்தைத் தொடுகிறது. அதுவரை தம் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்ளாத பிள்ளைகளைப் பெற்றோர் ஏற்றுக்கொண்டார்கள். திருமணமின்றிச் சேர்ந்து வாழ்ந்தவர்கள் குருவைத் தேடி ஓடினார்கள். திருடியதாக எவரும் குற்றம் சாட்டாதவர்களே முன்வந்து, எடுத்ததைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். பகைத்திருந்த குடும்பங்கள் ஒன்றுசேர்ந்தன. நல்லதுதான். ஆனால் அச்சத்தில் பிறந்த மனமாற்றம் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியும் நமக்கு எழுகிறது. ஏனெனில் அதே அச்சத்தை வேறு சிலர் வேறு வகையில் பயன்படுத்தினார்கள்.

அரசருக்கு ஆதரவான குருக்களும் துறவிகளும் அந்த இடிபாடுகளின்மேல் நின்றே மறையுரை ஆற்றினார்கள். ‘பெரிய வியாழனன்று அரசரை மறுத்தீர்கள், பெரிய வியாழனன்றே கடவுள் தண்டித்துவிட்டார்’ என்பதே அவர்கள் சொன்னதன் சாரம். அரசருக்கு விசுவாசமாயிருந்த கோரோ, மரக்காய்போ நகரங்கள் பெரும் சேதமின்றித் தப்பியதையும் சான்றாகக் காட்டினார்கள். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தமாகத் தோன்றியிருக்கும்! மலைத்தொடரையும் கடற்கரையையும் ஒட்டி ஓடும் நிலப்பிளவுகளைப் பற்றி அன்று யாருக்குத் தெரியும்? மண் சுவரும் ஓட்டுக் கூரையுமான வீடுகள் அந்தப் பிளவுகளின்மேல் எழுந்திருந்தன, அதனால் விழுந்தன. கோரோ சற்று விலகியிருந்தது.

குடியரசின் தலைவர்கள் பேராயர் நார்சிசோ கோல் இ பிராத்தை அணுகி, நிலநடுக்கம் இயற்கையின் நிகழ்வே என்று மக்களுக்குச் சுற்றுமடல் எழுதக் கேட்டார்கள். அவர்கள் விரும்பியபடி அவர் எழுதவில்லை. இயற்கையும் பாவங்களைத் தண்டிக்கும் கடவுளின் கருவியே என்ற வழியில்தான் அவர் பேசினார்.

சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி லூக்கா நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் குற்றவாளிகள் என்ற எண்ணத்தை அவர் தெளிவாக மறுக்கிறார். அந்தப் பகுதியை வாசித்தறிந்த குருக்களே கராகஸில் அதற்கு மாறாகப் பேசினார்கள். இறந்தவர்களில் பலர் நற்கருணை ஆண்டவரைத் தேடி ஆலயத்துக்கு வந்தவர்கள். ஆயர் ஒருவரும் இறந்தார். இவர்களை எந்தக் குற்றத்துக்காகத் தண்டித்தார் என்று சொல்வது? குருகுலத்தைச் சேர்ந்தவர்கள் செய்த தவறு என்பதால் இதை நாம் மென்று விழுங்கத் தேவையில்லை.

மறுபக்கமும் ஒரு குரல் எழுந்தது. சான் ஹசிந்தோ ஆலய இடிபாடுகளில் சட்டைக் கையோடு ஏறிக்கொண்டிருந்த இளைஞர் சிமோன் பொலிவாரைத் தாம் கண்டதாக ஹோசே தொமிங்கோ தியாஸ் என்ற மருத்துவர் எழுதுகிறார். இயற்கை எதிர்த்தால் அதோடும் போரிட்டு அதைப் பணிய வைப்போம் என்ற பொருளில் பொலிவார் பேசினாராம். தியாஸ் அரசர் கட்சிக்காரர். பொலிவாரின் இறுமாப்பைக் காட்டவே இதை எழுதினார். பின்வந்த தலைமுறைகளோ அதையே வீரவசனமாக்கிக்கொண்டன!

ஸ்பானியத் தளபதி மொந்தெவெர்தே சில நூறு பேரோடு கோரோவிலிருந்து புறப்பட்டிருந்தார். நிலநடுக்கத்துக்குப் பின் அவருக்கு ஊர் ஊராக வாசல் திறந்தது. ஜூலை 25ஆம் நாள் குடியரசுத் தலைவர் மிராண்டா சரணடைந்தார். மதாரியாகா குருவானவர் விலங்கிடப்பட்டு ஸ்பெயினுக்கு அனுப்பப்பட்டார். கடவுள் தீர்ப்பளித்துவிட்டார் என்று சொன்னவர்கள் வென்றார்கள். அதற்குப் பின் வந்ததோ கைதிகளையும் உயிரோடு விடாத கொடும் போர். நிலநடுக்கத்தில் தப்பியவர்கள் பலரை அந்தப் போர் தின்றது. பொலிவார் அதே ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள் கார்த்தஹேனாவில் வெளியிட்ட அறிக்கையில், நிலநடுக்கம் மட்டும் எங்களை வீழ்த்தவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிளவுபட்ட ஆட்சி, மதிப்பிழந்த காகிதப் பணம் எனத் தம் பக்கத்துக் குறைகளையும் அடுக்கினார். மறையுரைகளின் செல்வாக்கையும் சேர்த்துக்கொண்டார்.

டிசம்பர் 15 என்ற அந்தத் தேதி 1999ஆம் ஆண்டு மீண்டும் வந்தது. அன்று வெனிசுவேலா மக்கள் புதிய அரசியல் சாசனத்துக்கு வாக்களிக்கச் சென்றார்கள். வடகடற்கரையில் நாள்கணக்காக மழை. மூன்று நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆவிலா மலைச் சரிவுகள் பெயர்ந்து, வீடளவு பாறைகள் சேற்றோடு உருண்டு வந்தன. கார்மென் தெ ஊரியா என்ற ஊரே அழிந்தது. பல சடலங்கள் கடலுக்குள் போய்விட்டதால் இறந்தவர் தொகையில் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. 30,000 வரை சொல்வோர் உண்டு. முன்னைய வெள்ளங்கள் கொண்டுவந்து கொட்டிய மண்மேட்டின்மீதே அடுக்குமாடிகளும் குடிசைகளும் எழுந்திருந்தன. குடியரசுத் தலைவர் சாவேஸ் பொலிவாரின் அந்தப் பழைய சொல்லையே மக்களுக்கு நினைவூட்டினார்.

1812இல் பசித்த கராகஸுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் 50,000 டாலர் ஒதுக்கி, லா குவைரா துறைமுகத்துக்கு மாவுக் கப்பல்களை அனுப்பியது. 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அதே கடற்கரையின் சாலையைச் சீரமைக்கப் பொறியாளர்களோடு புறப்பட்ட அமெரிக்கக் கப்பலை வர வேண்டாம் என்று சாவேஸ் திருப்பிவிட்டார். அரசியல் காரணம் எதுவானாலும், வீடிழந்தவர் அதைக் கேட்டு என்ன நினைத்திருப்பார்!

1812இல் விழுந்த திரித்துவ ஆலயம் பின்னர் மெல்ல மெல்ல எழுப்பப்பட்டது. 1874இல் அரசு அதைத் தேசத் தலைவர்களின் நினைவிடமாக மாற்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் பொலிவாரின் எலும்புகளைக் கொண்டுவந்து அங்கே வைத்தார்கள். பெரிய வியாழன் கூட்டத்தின்மேல் கூரை சரிந்த அதே இடத்தில்தான் அவர் 2013 வரை உறங்கினார்.