அமெரிக்க அதிபர் வேட்பாளர் தேர்வு: விதிச் சர்ச்சைகளும் பிரசாரத் தந்திரங்களும்

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடக்கும் ஆண்டில், நவம்பர் வாக்குப்பதிவுக்குப் பல மாதங்கள் முன்பே இரு பெரிய கட்சிகளும் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக உட்கட்சித் தேர்தல் நடத்துகின்றன. மக்கள் வாக்குச்சாவடிக்குச் சென்று ரகசியமாக வாக்களித்தால் அது பிரைமரி. கட்சி ஆதரவாளர்கள் குறித்த நேரத்தில் ஓரிடத்தில் கூடித் தங்கள் விருப்பத்தைத் தெரிவித்தால் அது காக்கஸ். இவற்றின் முடிவை வைத்துத் தேசிய மாநாட்டுக்குச் செல்லும் பேராளர்கள் வேட்பாளர்களிடையே பங்கிடப்படுகிறார்கள். மாநாட்டில் பேராளர்களின் பெரும்பான்மையைப் பெறுபவரே கட்சியின் அதிபர் வேட்பாளர்.

பேராளரை யார் தேர்ந்தெடுப்பது, எந்த நாளில், எந்தக் கணக்கின்படி என்பவை குறித்து அமெரிக்க அரசியலமைப்பில் ஒரு வரிகூட இல்லை. தேசியக் கட்சி, மாநிலக் கட்சி, மாநிலச் சட்டமன்றம் ஆகிய மூன்றும் தனித்தனியே விதி வகுக்கின்றன. ஒருவர் விதி மற்றவர் விதியோடு மோதுவதால் தகராறு எழுகிறது. தோற்ற தரப்பின் முறையீடே பலமுறை அடுத்த தேர்தலின் விதியாக மாறியிருக்கிறது.

பிரைமரிக்கு முந்தைய காலம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்களே கட்சிவாரியாகக் கூடி அதிபர் வேட்பாளரை அறிவித்தனர். 1824இல் அப்படிக் கூடிய கூட்டத்துக்கு 66 பேர் மட்டுமே வந்தனர். அவர்கள் அறிவித்த வில்லியம் கிராஃபர்டை நாடு ஏற்கவில்லை. அந்த முறையும் அத்தோடு முடிந்தது. 1830களில் அதன் இடத்தைத் தேசிய மாநாடுகள் பிடித்தன.

மாநாடுகளிலும் விதியே முடிவைத் தீர்மானித்தது. வேட்பாளருக்கு மூன்றில் இரண்டு பங்கு பேராளர்களின் ஆதரவு வேண்டும் என்று ஜனநாயகக் கட்சி 1832இல் விதி வகுத்தது. அதனால் 1844இல் மார்ட்டின் வான் பியூரனும் 1912இல் சாம்ப் கிளார்க்கும் பெரும்பான்மை பெற்றும் வேட்பாளராக முடியவில்லை. 1924இல் நியூயார்க் மாநாடு 103 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே ஜான் டேவிஸைத் தேர்ந்தெடுத்தது. தென் மாநிலங்களுக்கு மறுப்பதிகாரம் போலப் பயன்பட்ட அந்த விதி 1936இல் நீக்கப்பட்டது.

1912: ரூஸ்வெல்ட், டாஃப்ட் மோதல்

கட்சித் தலைவர்களின் பிடியிலிருந்து வேட்பாளர் தேர்வை விடுவிக்க வேண்டும் என்ற சீர்திருத்த இயக்கத்தின் விளைவாக, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் விஸ்கான்சின், ஒரிகன் போன்ற மாநிலங்கள் பிரைமரிச் சட்டங்களை இயற்றின. அந்த முறைக்கு முதல் பெரிய சோதனை 1912இல் வந்தது. பதவியில் இருந்த குடியரசுக் கட்சி அதிபர் வில்லியம் டாஃப்டை எதிர்த்து முன்னாள் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் களமிறங்கினார். பிரைமரி நடந்த மாநிலங்களில் ஒன்பதை ரூஸ்வெல்ட் வென்றார். டாஃப்ட் தம் சொந்த மாநிலமான ஒஹையோவிலும் தோற்றார். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் பிரைமரியே இல்லை. அங்கே கட்சி அமைப்பு டாஃப்டின் கையில் இருந்தது.

சிகாகோ மாநாட்டுக்கு வந்த 1,078 பேராளர்களில் 254 பேரின் இருக்கைகளுக்கு இரு தரப்பும் உரிமை கோரின. முடிவெடுக்க வேண்டிய தேசியக் குழுவில் டாஃப்ட் ஆதரவாளர்களே அதிகம். 235 இருக்கைகள் டாஃப்டுக்கும் 19 ரூஸ்வெல்ட்டுக்கும் கொடுக்கப்பட்டன. ஒரு பேராளரின் தகுதி கேள்விக்குள்ளானால், அவர் தம்முடைய வழக்கில்தான் வாக்களிக்கக் கூடாது, மற்ற வழக்குகளில் வாக்களிக்கலாம் என்று அவைத் தலைவர் எலிஹு ரூட் தீர்ப்பளித்தார். இதனால், தகுதி நிரூபிக்கப்படாத பேராளர்கள் ஒருவர் இருக்கையை மற்றவர் காப்பாற்றிக்கொள்ள வழி கிடைத்தது. டாஃப்ட் 561 வாக்குகளுடன் வேட்பாளரானார். ரூஸ்வெல்ட்டின் பேராளர்களில் 344 பேர் வாக்களிக்க மறுத்து அவையில் அமர்ந்திருந்தனர். ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியைத் தொடங்கிப் போட்டியிட, குடியரசுக் கட்சி வாக்குகள் பிளந்து உட்ரோ வில்சன் அதிபரானார்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே விதி மீண்டும் மேடைக்கு வந்தது. 1952இல் குடியரசுக் கட்சி வேட்பாளர் இடத்துக்கு டாஃப்டின் மகன் ராபர்ட் டாஃப்டும் தளபதி ஐசனாவரும் மோதினர். டெக்சஸ், ஜார்ஜியா, லூயிசியானா ஆகிய மூன்று மாநிலங்களின் இருக்கைகள் தகராறில் இருந்தன. தகராறு தீரும்வரை அந்தப் பேராளர்கள் எந்த வழக்கிலும் வாக்களிக்கக் கூடாது என்ற தீர்மானத்தை ஐசனாவர் தரப்பு கொண்டுவந்தது. அதைத் தளர்த்த டாஃப்ட் தரப்பு முன்வைத்த திருத்தம் 658க்கு 548 என்ற கணக்கில் தோற்றது. தந்தையைக் காப்பாற்றிய விதி மாறியதும் மகன் வாய்ப்பை இழந்தார்.

நிறவெறிக்கு எதிரான போராட்டம்

அக்காலத்தில் தென் மாநிலங்களில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரே எப்போதும் வென்றதால் உண்மையான தேர்தலாக இருந்தது பிரைமரிதான். அதில் கருப்பின மக்களைச் சேர்க்காமல் இருந்துவிட்டால் அவர்களின் வாக்குரிமை பெயரளவுக்கே இருக்கும். டெக்சஸில் கட்சி ஒரு தனியார் சங்கம், அதன் உறுப்பினரை அதுவே முடிவு செய்யும் என்ற வாதத்தின் பேரில் வெள்ளையருக்கு மட்டுமான பிரைமரி நடந்தது. 1944இல் ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கில் உச்ச நீதிமன்றம் இது அரசியலமைப்புக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தும் மிசிசிப்பியில் நிலைமை மாறவில்லை. அங்கே கட்சிக் கூட்டங்களில் கருப்பின மக்களுக்கு இடம் மறுக்கப்பட்டதால், 1964இல் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற மாற்று அமைப்பு உருவானது. எல்லா இனத்தவருக்கும் திறந்த கூட்டங்கள் நடத்தி, தன் பேராளர்களைத் தேர்ந்தெடுத்து அட்லாண்டிக் சிட்டி மாநாட்டுக்கு அனுப்பியது. தகுதிக் குழுவின் முன் ஃபேனி லூ ஹேமர் சாட்சி சொன்னார். பருத்தித் தோட்டத்தில் விளைச்சலில் ஒரு பங்குக்காக உழைத்தவர் அவர். வாக்காளராகப் பதிவு செய்யப் போனதற்காகத் தோட்டத்தை விட்டு வெளியேற்றப்பட்டதையும், வினோனா ஊர்ச் சிறையில் அடித்து நொறுக்கப்பட்டதையும் அவர் விவரித்தார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதே அதிபர் ஜான்சன் திடீர்ச் செய்தியாளர் சந்திப்பை நடத்தி நேரலையைத் திசைதிருப்பினார். ஆனால் அன்றிரவு தொலைக்காட்சிகள் அந்தச் சாட்சியத்தை நாடு முழுக்க ஒளிபரப்பின.

கட்சி இரண்டு இருக்கைகளை மட்டும் தர முன்வந்தது. ஹேமரும் தோழர்களும் மறுத்தனர். அன்று அவர்கள் வெறுங்கையோடு திரும்பினாலும், பாகுபாடு காட்டும் மாநிலக் குழுக்களுக்கு இனி இடமில்லை என்ற உறுதியை மாநாட்டிடமிருந்து பெற்றுவிட்டார்கள். 1968 மாநாட்டில் மிசிசிப்பியின் இருக்கைகளில் இரு இனத்தவரும் கொண்ட குழு அமர்ந்தது.

1968 சீர்திருத்தமும் எதிர்வினையும்

1968இல் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஒரு பிரைமரியிலும் போட்டியிடாமலேயே ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரானார். வியட்நாம் போரை எதிர்த்து யூஜின் மெக்கார்த்தியும் ராபர்ட் கென்னடியும் பிரைமரிகளில் திரட்டிய ஆதரவுக்கு, கட்சித் தலைவர்கள் கட்டுப்படுத்திய மாநாட்டில் மதிப்பில்லை. மாநாடு நடந்த சிகாகோவின் தெருக்களில் போராட்டக்காரர்களைக் காவல்துறை தாக்கியது. கொந்தளிப்பைத் தணிக்க அமைக்கப்பட்ட மெக்கவர்ன்–ஃப்ரேசர் ஆணையம், பேராளர் தேர்வு வெளிப்படையாக, முன்னறிவிப்போடு, தேர்தல் ஆண்டிலேயே நடக்க வேண்டும் என்று விதித்தது. பல மாநிலங்கள் பிரைமரிக்கு மாறின. இன்றைய முறை அங்கிருந்து தொடங்குகிறது.

புதிய விதிகள் புதிய தகராறுகளைக் கொண்டுவந்தன. 1972இல் கலிஃபோர்னியாவில் முதலிடம் பெற்றவருக்கே 271 பேராளர்களும் என்ற விதியின் கீழ் ஜார்ஜ் மெக்கவர்ன் வென்றார். வாக்குப்பதிவுக்குப் பிறகு எதிர்த்தரப்பு அந்த விதியைக் கேள்விக்குள்ளாக்கியது. தகுதிக் குழு 151 பேராளர்களை அவரிடமிருந்து பறித்தது. மாநாடு அவர்களைத் திருப்பித் தந்தது. ஆட்டம் முடிந்தபின் விதியை மாற்றலாமா என்ற கேள்வி அப்போது எழுந்தது. பின்னர் பலமுறை திரும்பி வந்தது.

1980இல் பேராளர்கள் தாங்கள் யார் பெயரால் தேர்வானார்களோ அவருக்கே முதல் சுற்றில் வாக்களித்தாக வேண்டும் என்ற விதி இருந்தது. பிரைமரிகளில் பின்தங்கிய எட்வர்ட் கென்னடி அதை நீக்கக் கோரினார். ஜிம்மி கார்ட்டரின் பேராளர்கள் கோரிக்கையைத் தோற்கடித்தனர். அதன் பின் அமைந்த ஹன்ட் ஆணையம் இரண்டு மாற்றங்களைச் செய்தது. கட்டாயத்தை நீக்கி, பேராளர் தம்மைத் தேர்ந்தெடுத்தவர்களின் கருத்தை மனச்சாட்சிப்படி பிரதிபலிக்க வேண்டும் என்றது. நாடாளுமன்ற உறுப்பினர்கள், ஆளுநர்கள், கட்சி நிர்வாகிகள் ஆகியோருக்குத் தேர்தலின்றி மாநாட்டில் வாக்களிக்கும் உரிமையும் தந்தது. சூப்பர் டெலிகேட் எனப்படும் இவர்கள் 1984 முதல் பங்கேற்றனர்.

நாட்காட்டிச் சண்டை: 2008

முதலில் வாக்களிக்கும் மாநிலங்களுக்கே வேட்பாளர்களின் கவனமும் ஊடக வெளிச்சமும் கிடைக்கின்றன. அயோவா 1972 முதல் தன் காக்கஸை முன்கூட்டியே நடத்தி வந்தது. நியூ ஹாம்ப்ஷயர் தன் பிரைமரியே முதலாவதாக இருக்க வேண்டும் என்று சட்டமே இயற்றியது. மற்ற மாநிலங்களும் தேதியை முன்னுக்கு நகர்த்தத் தொடங்கின.

2008இல் இது முற்றியது. அனுமதி பெற்ற நான்கு மாநிலங்களைத் தவிர எவரும் பிப்ரவரி 5க்கு முன் தேர்தல் நடத்தக் கூடாது என்று ஜனநாயகக் கட்சி விதித்திருந்தது. மிச்சிகன் ஜனவரி 15ஐயும் ஃபுளோரிடா ஜனவரி 29ஐயும் தேர்ந்தெடுத்தன. இரண்டின் பேராளர்களையும் கட்சி முழுவதுமாக ரத்து செய்தது. வேட்பாளர்கள் அங்கே பிரசாரம் செய்வதில்லை என்று உறுதியளித்தனர். பராக் ஒபாமா மிச்சிகன் வாக்குச்சீட்டிலிருந்து தம் பெயரை விலக்கிக்கொண்டார். ஹிலாரி கிளிண்டன் விலகவில்லை. இரு மாநிலங்களிலும் அவர் முதலிடம் பெற்றார்.

போட்டி நெருக்கமாகி மே மாதம் வரை நீண்டதும் ரத்தான பேராளர்களே விவாதத்தின் மையமாயினர். மே 31 அன்று விதிகள் குழு வாஷிங்டன் ஹோட்டல் ஒன்றில் நேரலையில் கூடியது. முன்பு தண்டனைக்கு ஆதரவாக வாக்களித்த குழு உறுப்பினர் ஹெரால்ட் இக்கிஸ், இப்போது கிளிண்டனின் ஆலோசகராகப் பேராளர்களைச் சேர்க்க வாதிட்டார். இரு மாநிலப் பேராளர்களுக்கும் தலா அரை வாக்கு என்று குழு முடிவு செய்தது. மிச்சிகனில் கிளிண்டனுக்கு 69 பேராளர்களும், சீட்டில் பெயரே இல்லாத ஒபாமாவுக்கு 59 பேராளர்களும் ஒதுக்கப்பட்டனர். ஒபாமாவின் வெற்றி உறுதியானபின், டென்வர் மாநாட்டில் முழு வாக்கும் திரும்பக் கிடைத்தது. விதியை மீறியவருக்குத் தண்டனை நிலைக்காது என்ற பாடத்தையே மாநிலங்கள் இதிலிருந்து கற்றன.

விதி தெரிந்தவரின் வெற்றி

அதே ஆண்டில் விதிகளைக் கவனமாகப் படித்ததும் ஒபாமா அணிக்குக் கைகொடுத்தது. பிப்ரவரி 5 அன்று நியூ ஜெர்சியின் பெரிய பிரைமரியை வென்ற கிளிண்டனுக்குக் கூடுதலாகக் கிடைத்தவர்கள் 11 பேராளர்கள். அன்றே, சுமார் 21,000 பேர் மட்டுமே பங்கேற்ற ஐடஹோ காக்கஸில் ஒபாமா 15க்கு 3 என்று வென்று 12 பேராளர்கள் முன்னிலை பெற்றார்.

விதி தெரியாதவர்கள் இழந்ததும் உண்டு. 2012இல் வர்ஜீனியா கேட்ட 10,000 கையொப்பங்களைத் திரட்டி வாக்குச்சீட்டில் இடம்பெற்ற குடியரசுக் கட்சியினர் மிட் ராம்னியும் ரான் பாலும் மட்டுமே. நியூயார்க்கில் ஏப்ரல் 2016 பிரைமரியில் வாக்களிக்க, கட்சிப் பதிவை முந்தைய அக்டோபருக்குள் மாற்றியிருக்க வேண்டும். டொனால்ட் டிரம்ப்பின் பிள்ளைகளில் இருவரே அந்தக் கெடுவைத் தவறவிட்டுத் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போயினர்.

பிரசாரத் தந்திரங்கள்

உட்கட்சித் தேர்தலில் கொள்கை வேறுபாடு குறைவு. அதனால் தனிமனிதத் தாக்குதல் எளிதில் தலைதூக்குகிறது. 1972இல் நியூ ஹாம்ப்ஷயர் நாளிதழ் ஒன்றில் வெளியான கடிதம், ஜனநாயகக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட எட்மண்ட் மஸ்கி பிரெஞ்சு கனடா வம்சாவளியினரை இழிவுபடுத்தும் சொல்லை ரசித்தார் என்றது. கடிதம் போலி. அப்போதைய அதிபர் நிக்சன் தரப்பின் நாசவேலைகளில் ஒன்றாகப் பின்னர் அது விசாரணைகளில் பேசப்பட்டது. ஃபுளோரிடாவில் மஸ்கியின் முகவரித்தாளில் சக வேட்பாளர்கள் மீது பாலியல் அவதூறு பரப்பிய டொனால்ட் செக்ரெட்டி சிறை சென்றார்.

2000இல் நியூ ஹாம்ப்ஷயரில் வென்ற ஜான் மெக்கெய்னுக்கு எதிராக, தெற்குக் கரோலினாவில் பெயரற்ற தொலைபேசி அழைப்புகளும் துண்டறிக்கைகளும் பரவின. வங்கதேசத்திலிருந்து அவர் தத்தெடுத்த பெண் குழந்தையை முறைகேடான உறவில் பிறந்தவள் என்று அவை சித்திரித்தன. ஜார்ஜ் புஷ் அணி தொடர்பை மறுத்தது. மெக்கெய்ன் அந்த மாநிலத்தை இழந்தார். 2016 அயோவா காக்கஸ் இரவில், பென் கார்சன் போட்டியிலிருந்து விலகப்போகிறார் என்ற தவறான தகவலை டெட் குரூஸ் அணி பரப்பியது. மறுநாள் குரூஸ் மன்னிப்புக் கேட்டார்.

2024 ஜனவரியில், நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு ஜோ பைடனின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் போலி செய்த அழைப்புகள் வந்தன. பிரைமரியில் வாக்களிக்க வேண்டாம், வாக்கை நவம்பருக்குச் சேமியுங்கள் என்றன அவை. அதற்கு ஏற்பாடு செய்த ஆலோசகருக்குக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆனால் குற்றவியல் வழக்கில் நடுவர் குழு அவரை விடுவித்தது. தேசியக் கட்சி அங்கீகரிக்காத நாளில் நடந்த அந்தத் தேர்தல் உண்மையான பிரைமரியே அல்ல என்பது அவர் தரப்பு வாதம்.

நீதிமன்றங்களின் நிலை

1972 இல்லினாய்ஸ் பேராளர் தகராறிலிருந்து எழுந்த வழக்கில் 1975இலும், விஸ்கான்சின் வழக்கில் 1981இலும், மாநாட்டு இருக்கை விஷயத்தில் மாநிலச் சட்டத்தைவிடத் தேசியக் கட்சியின் விதியே மேலானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் டிரம்ப்பின் பெயரைக் கொலராடோ பிரைமரி வாக்குச்சீட்டிலிருந்து நீக்கிய மாநில நீதிமன்றத் தீர்ப்பை அது ஒருமனதாக ரத்து செய்தது.

அண்மை மாற்றங்கள்

2016இல் சூப்பர் டெலிகேட்டுகளில் மிகப் பெரும்பாலோர் கிளிண்டன் பக்கம் நின்றதை பெர்னி சாண்டர்ஸ் ஆதரவாளர்கள் கடுமையாக எதிர்த்தனர். 2018இல் கட்சி, போட்டியுள்ள மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை என்று விதியை மாற்றியது. 2020 அயோவா காக்கஸில் முடிவுகளை அனுப்பும் செயலி செயலிழந்து குழப்பம் விளைந்தது. 2024 நாட்காட்டியில் ஜனநாயகக் கட்சி அயோவாவின் முதலிடத்தைப் பறித்துத் தெற்குக் கரோலினாவுக்குத் தந்தது.

2024 ஜூலை 21 அன்று, பிரைமரிகளை வென்ற பைடன் போட்டியிலிருந்து விலகினார். அவருக்காகத் தேர்வான பேராளர்கள் கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினர். ஹாரிஸ் அந்த ஆண்டு ஒரு பிரைமரியிலும் போட்டியிடவில்லை. வாக்காளரின் தீர்ப்பும் கட்சியின் முடிவும் முரண்படும்போது எது மேலானது என்ற கேள்விக்கு, 1912இலிருந்து இன்றுவரை அமெரிக்கக் கட்சிகள் நிரந்தர விடை காணவில்லை.