காதுக்கு முன்னால் ஒரு மூட்டு

லக்சர் நகரத்தில் 1862-ல் எட்வின் ஸ்மித் என்ற அமெரிக்கர் ஒரு பாப்பிரஸ் சுருளை விலைக்கு வாங்கினார். கி.மு. 1600 வாக்கில் பிரதி எடுக்கப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடி. தலையில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் வரிசையில் 48 நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள் அதில் இருக்கின்றன. 25-வது ஆள் வாயைத் திறந்தவர், மூட முடியாமல் நிற்கிறார். வைத்தியர் இரண்டு கட்டைவிரலையும் வாய்க்குள் விட்டு, தாடையெலும்பின் இரண்டு கடைக்கோடியிலும் வைக்க வேண்டும். மற்ற விரல்களை மோவாய்க்கு அடியில் கொடுத்துத் தாடையைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கொஞ்சம் மாற்றத்தோடு இன்றைக்கும் அவசர சிகிச்சைப் பிரிவில் இதைத்தான் செய்கிறார்கள்.

விலகிய தாடை கண்ணுக்குத் தெரியும். அதனால் அதற்கு 3,500 வருடத்துக்கு முன்பே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். விலகாத தாடை வலித்தால் என்ன செய்வது என்பதுதான் சிக்கல். அந்தச் சிக்கலின் வரலாறு எழுபது எண்பது வருடத்துக்குள் பல தடவை தடம் மாறிய ஒன்று. நாலு வருடமாக இந்த வலி எனக்கும் இருப்பதால் அந்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். காலையில் எழும்போதே நெற்றிப்பொட்டு இரண்டும் யாரோ அழுத்திப் பிடித்த மாதிரி இருக்கும். கொட்டாவி விட்டால் காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். காது டாக்டர் காதில் ஒன்றுமில்லை என்றார், பல் டாக்டர் பல்லில் ஒன்றுமில்லை என்றார், கண்ணாடிக் கடையில் பவர் மாறவில்லை என்றார்கள். மூவர் சொன்னதும் உண்மைதான்.

இந்த ‘ஒன்றுமில்லை’க்கு முதலில் ஒரு பெயர் கொடுத்துப் பிரபலமாக்கியவர் ஜேம்ஸ் காஸ்டன். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவர். 1934-ல் அவர் எழுதிய கட்டுரைக்கு ஆதாரம் 11 நோயாளிகள். காதடைப்பு, காதிரைச்சல், தலைவலி, நாக்கு எரிச்சல் என்று வந்தவர்கள். காதில் கோளாறு தெரியவில்லை. ஆனால் பலருக்குக் கடைவாய்ப் பற்கள் விழுந்திருந்தன. பல் இல்லாததால் வாய் தேவைக்கு மேல் மூடுகிறது, அதனால் தாடையின் குமிழ் பின்னால் போய்க் காதுக்கருகே உள்ள நரம்பையும் குழாயையும் நசுக்குகிறது என்று காஸ்டன் முடிவு கட்டினார். பல் கட்டி, கடியை உயர்த்திவிட்டால் வலி போகும் என்றார். ‘காஸ்டன் சிண்ட்ரோம்’ என்ற பெயர் பாடப்புத்தகங்களில் ஏறிக்கொண்டது.

பதினோரு பேரை வைத்து ஒரு நோய்க்கே பெயர் வாங்குவது அந்தக் காலத்தில் சாத்தியம். அதோடு பல்லின் மேல் பழி போடுவது அப்போது நாகரிகமாகவும் இருந்தது. 1910-ல் வில்லியம் ஹன்டர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் மான்ட்ரியலில் பேசிய ஒரு பேச்சுக்குப் பிறகு, மூட்டுவலியில் இருந்து மனநோய் வரைக்கும் காரணம் வாய்க்குள் ஒளிந்திருக்கும் சீழ்தான் என்ற நம்பிக்கை பரவியது. நல்ல பல்லையெல்லாம் வரிசையாகப் பிடுங்கினார்கள். (நம் வீடுகளில் குழந்தை தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடித்தால் வயிற்றில் பூச்சி என்பார்கள். பூச்சி மருந்தோடு விட்டுவிடுவார்கள், அந்த மட்டில் நாம் தேவலை.)

காஸ்டனின் விளக்கத்தை உடைத்தவர் ஓர் உடற்கூறியல் அறிஞர். வியன்னாவில் இருந்து சிகாகோ போன ஹாரி சிஷர், 1948-ல், அந்த இடத்தின் அமைப்பை வைத்தே கேட்டார்: குமிழ் அந்த நரம்பைப் போய் நசுக்க அங்கே வழி ஏது? விளக்கம் சாய்ந்தது. ஆனால் வலி அப்படியே இருந்தது, ‘கடி சரியில்லை’ என்ற நினைப்பும் அப்படியே இருந்தது. பல்லின் மேட்டைத் தேய்த்துச் சமப்படுத்தினால் வலி குறையும் என்று பல் மருத்துவர்கள் நம்பினார்கள். தேய்த்த பிறகு குறைந்தது என்று நோயாளிகளும் சொன்னார்கள். அப்புறம் யார் சந்தேகப்படுவார்கள்?

இரண்டு பேர் சந்தேகப்பட்டார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனியல் லாஸ்கினும் சார்லஸ் கிரீனும். மூட்டை விட்டுவிட்டுத் தசையைப் பாருங்கள் என்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லாஸ்லோ ஷ்வார்ட்ஸ் 1950-களில் சொல்லத் தொடங்கியிருந்தார். லாஸ்கின் 1969-ல் அதை மேலே கொண்டுபோனார். மன அழுத்தத்தில் ஆள் தன்னையறியாமல் பல்லைக் கடிக்கிறான், தசை களைத்துப் பிடித்துக்கொள்கிறது, அதுதான் வலி என்பது அவர் வாதம். 1976-ல் அவர்கள் குழு வெளியிட்ட ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 25 நோயாளிகளுக்குப் பல்லைத் தேய்ப்பது போல இரண்டு தடவை பாவனை செய்தார்கள். பல்லில் துளிகூடக் குறையவில்லை. 16 பேர் வலி முழுசாகவோ கிட்டத்தட்ட முழுசாகவோ போய்விட்டது என்றார்கள்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். ‘பார்த்தீங்களா, எல்லாம் மனசுதான்’ என்பது ஒன்று. சிகிச்சைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால் பல மருத்துவர்கள் சந்தோஷமாக அப்படித்தான் படித்தார்கள். உங்களுக்கு டென்ஷன் ஜாஸ்தி, கல்யாணம் ஆச்சா, தூக்க மாத்திரை எழுதித்தரேன் என்கிற அந்தத் தொனியை நானும் கேட்டிருக்கிறேன். இன்னொரு வாசிப்பு, செய்த சிகிச்சையால்தான் குணமானது என்று மருத்துவர்கள் நினைத்தது தப்பு என்பது. வலி நிஜம், பல்லைத் தேய்த்தது வீண். நான் இரண்டாவது கட்சி. பாவனையில் குறையக்கூடிய ஒரு வலிக்குத் திரும்ப ஒட்டவைக்க முடியாதபடி எதையாவது வெட்டுவதற்கு முன்னால் நூறு தடவை யோசிக்க வேண்டும் என்பதுதானே அந்தச் சோதனையின் பொருள்.

யோசிக்கவில்லை. 1980-களில் கத்தி வந்தது.

தாடை மூட்டில் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் ஒரு சின்ன வட்டு உண்டு. வாயைத் திறக்கும்போது குமிழ் சுழல்வதோடு முன்னால் வழுக்கியும் போகிறது, வட்டும் கூடவே நகர்கிறது. ‘டக்’ என்ற சத்தம் பெரும்பாலும் அது இடம் மாறி ஏறி இறங்குவதால் வருவது. வலி இல்லாதவர்கள் பலருக்கும் அந்தச் சத்தம் உண்டு. இந்த வட்டுதான் குற்றவாளி என்று எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வைக்க ஹூஸ்டனில் இருந்த வைடெக் என்ற நிறுவனம் டெஃப்லான் கலந்த ஒரு செயற்கைத் தகட்டை விற்றது. தோசைக்கல்லில் பூசும் அதே டெஃப்லான். 1983-ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அதற்கு வழிவிட்டது. சந்தையில் ஏற்கெனவே இருக்கும் பொருளைப் போன்றதுதான் என்று காட்டினால் போதும் என்கிற வழியில். மனித உடம்பில் பெரிய சோதனை எதுவும் தேவைப்படவில்லை.

ஆனால் டெஃப்லான் மூட்டுக்குள் என்ன செய்யும் என்பது இருபது வருடத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி. இடுப்பு மூட்டு மாற்றும் அறுவை சிகிச்சையின் தந்தை என்று சொல்லப்படும் ஜான் சார்ன்லி, இங்கிலாந்தில், முதலில் டெஃப்லானைத்தான் போட்டுப் பார்த்தார். எடை தாங்கும் இடத்தில் அது தேய்ந்தது. உதிர்ந்த தூளை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்துத் தாக்கியது, சுற்றியிருந்த எலும்பும் சேர்ந்து அரித்தது. சார்ன்லி டெஃப்லானைக் கைவிட்டார். அதோடு நிற்காமல் அந்தப் பொருளைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தார். 1963-ல் லான்செட் இதழில் அதை எழுதினார். லான்செட் என்ன, மூலையில் கிடக்கும் பத்திரிகையா?

இடுப்பு எலும்பு மருத்துவர் எழுதியதைத் தாடை அறுவை மருத்துவர் படிப்பதில்லை. அவ்வளவுதான் நடந்தது என்று நினைக்கிறேன். மெல்லும்போது தாடை மூட்டின் மேல் விழும் பாரம் கொஞ்சநஞ்சமல்ல. தகடு தேய்ந்தது, கிழிந்தது, தூள் உதிர்ந்தது, குமிழ் கரைந்தது. சிலருக்கு மூளைக்குக் கீழே இருக்கும் மெல்லிய எலும்பையே அரித்துவிட்டது. 1990-ல் வைடெக் திவாலானது. 1991-ல் நிர்வாகம் அந்தத் தகடுகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் முகத்துக்குள் அவை போய்விட்டன. தலைவலி தாங்காமல் போனவர்கள், அடுத்தடுத்த அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு வாயைத் திறந்து ஒரு கவளம் சாப்பிட முடியாதவர்களாக ஆனார்கள்.

இந்தக் கதை வெளியே வந்ததற்கு நோயாளிகள்தான் காரணம். மில்வாக்கியைச் சேர்ந்த டெரி கௌலி, இதே வலியோடு வாழ்ந்தவர், இன்னொரு பெண்ணோடு சேர்ந்து 1986-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார். 1992-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று இதை விசாரித்தது. 1996-ல் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, திரும்பப் பெற முடியாத சிகிச்சைகளுக்குப் போதுமான ஆதாரம் இல்லை, மென்மையான வழிகளில் தொடங்குங்கள் என்றது. எகிப்துக்காரர் கட்டைவிரலால் செய்ததைவிட மென்மையான வழிகள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் முக்கியமானது, 2006-ல் தொடங்கிய ‘ஒப்பேரா’ என்ற ஆய்வு. நோய் வந்தவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எடுத்து, யாருக்கு வலி வருகிறது என்று வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். தூக்கம் கெட்டவர்கள், உடம்பில் வேறு இடங்களிலும் வலி உள்ளவர்கள், அடிக்கடி தலைவலி வருபவர்கள் இவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முக்கிளை நரம்புதான் தாடைக்கும் பல்லுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் பொது. ஒரே கம்பியில் பல வீட்டுக் கரண்ட். எந்த வீட்டில் பழுது என்று மூளைக்கே சரியாகப் பிடிபடுவதில்லை, காது டாக்டரைக் குறைசொல்லி என்ன? இன்னொன்றும் தெரிந்தது. புதிதாக வலி வருவதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாட்பட்டு நிற்பதில்தான் பெண்கள் அதிகம். ‘பொம்பளைங்களுக்கு வர்ற வலி’ என்று ஒதுக்கியவர்கள் இதைப் படிக்கலாம்.

2023 கடைசியில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதலை என் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் பார்த்தேன். தாடைப் பயிற்சி, கையால் தசையை நீவுவது, கழுத்தை நேராக வைப்பது, வலியோடு வாழப் பழக்கும் உளவியல் சிகிச்சை இவற்றுக்கு ஆதரவு. வட்டை எடுக்கும் அறுவை சிகிச்சை வேண்டாம். இரவில் மாட்டும் பிளாஸ்டிக் தகட்டுக்கும், கழற்றக்கூடியதாக இருந்தாலும், லேசான எதிர்ப்பு. என்னுடைய தகட்டை அளவெடுத்துச் செய்து வாங்கி ஒரு வருடம் ஆகிறது. டப்பாவில் இருக்கிறது.

வலி போய்விடவில்லை. வாரத்தில் ஐந்து நாள் இருந்தது இரண்டு மூன்று நாளாகியிருக்கிறது. நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, சும்மா இருக்கும்போது மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது என்பது. இரண்டு முதல் நான்கு மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பாம். ‘பல்லைக் கடிச்சிக்கிட்டு இரு’ என்று சொல்லியே வளர்த்த ஊரில் இது லேசில் வருவதில்லை. அதனால் லேப்டாப் ஓரத்தில் அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். கண்ணில் படும்போதெல்லாம் உதடு மூடி, பல்லைப் பிரித்து, நாக்கை மேலண்ணத்தில் வைக்கிறேன். இந்தக் கட்டுரையை எழுதும்போது எத்தனை தடவை பிரித்தேன் என்று எண்ணவில்லை.