சாலொமோனின் வாரிசுகள்: எத்தியோப்பியாவில் வம்சாவளியும் புனித நூலும் அதிகாரமும்

1955-இல் பேரரசர் ஹைலே செலாசி வெளியிட்ட திருத்திய அரசியல் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, எத்தியோப்பிய அரியணைக்கு உரியவர் யார் என்பதை வரையறுக்கிறது. அரியணை அவருடைய வழிக்கே என்றென்றும் உரியது. அவ்வழி, எருசலேமின் அரசன் சாலொமோனுக்கும் சேபா நாட்டு அரசிக்கும் பிறந்த முதலாம் மெனெலிக்கிலிருந்து இடையறாமல் வருவது என்பது அதன் சாரம். ஐக்கிய நாடுகள் சபையின் தொடக்க உறுப்பினர்களுள் ஒன்றான ஒரு நாடு, ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுக் கால்வழியைச் சட்ட விதியாகவே எழுதிக்கொண்டது. இதை வெறும் பழம்பெருமை என்று ஒதுக்குவோர், அந்தக் கால்வழி யாருக்கு எதிராக உருவானது என்ற கேள்வியைத் தவறவிடுகிறார்கள். ஒரு வம்சாவளி தன் வாரிசை உயர்த்துவதற்கு முன்பே இன்னொருவரின் உரிமையைப் பறித்துவிடுகிறது. எத்தியோப்பிய வரலாற்றை விளங்கிக்கொள்ள இந்தப் பறிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம்.

இந்தக் கால்வழிக்கு விவிலியத்தில் ஆதாரம் இல்லை. அரசர்களின் முதல் நூல் பத்தாம் அதிகாரத்தில் சேபா அரசி வருகிறாள், கடினமான கேள்விகளால் சாலொமோனைச் சோதிக்கிறாள், 120 தாலந்து பொன் கொடுக்கிறாள், நாடு திரும்புகிறாள். அவ்வளவுதான். மகன் பிறந்த கதையை விரித்துச் சொல்வது ‘கெப்ரா நகஸ்ட்’ என்னும் கீஸ் மொழி நூல். ‘மன்னர்களின் மகிமை’ என்பது அப்பெயரின் பொருள். 117 அதிகாரங்கள் கொண்டது. அதில் அரசியின் பெயர் மாக்கேதா. உன்னை வலிந்து தொட மாட்டேன், நீயும் என் வீட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சாலொமோன் அவளோடு ஆணையிட்டுக்கொள்கிறான். பிறகு காரமும் உவர்ப்பும் மிகுந்த விருந்து படைக்கிறான். நள்ளிரவில் தாகம் தாங்காமல் அவள் தண்ணீர்க் குடத்தை எடுக்க, அவன் கையைப் பிடித்துக்கொள்கிறான். தண்ணீரைவிட விலைமதிப்புள்ள பொருள் உலகில் உண்டா என்று கேட்கிறான். ஆணை முறிகிறது. அதில் பிறந்தவன்தான் மெனெலிக்.

கதையின் உயிர்நாடி இதற்குப் பிறகு வருகிறது. வளர்ந்த மகன் எருசலேம் சென்று தந்தையைக் காண்கிறான். சாலொமோன் அவனுக்கு அபிஷேகம் செய்து, இஸ்ரயேல் பெருமக்களின் தலைப்பிள்ளைகளைத் துணையாக அனுப்புகிறான். அவர்கள் ஆலயத்திலிருந்து உடன்படிக்கைப் பேழையைக் கவர்ந்து, அதன் இடத்தில் மரப்பலகைகளை வைத்துவிட்டுப் புறப்படுகிறார்கள். இரத்த உறவு மட்டும் போதாது என்பதை நூலாசிரியர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அரசனுக்குக் கால்வழி கிடைத்தது. அவனோடு வந்த தலைப்பிள்ளைகள் வழியாகக் குருமாருக்கும் பிரபுக்களுக்கும் கிடைத்தது. பேழை வந்ததால் மண்ணுக்கே கிடைத்தது. இவ்வளவு சிக்கனமாக ஒரு நாட்டின் மேல்தட்டு முழுவதையும் ஒரே கதைக்குள் கொண்டுவந்த நூல்கள் அரிது.

இந்த நூல் எழுந்த சூழலை அதன் இறுதிக் குறிப்பே காட்டிக்கொடுக்கிறது. கோப்து மொழியிலிருந்து அரபிக்கு வந்த நூலை, அக்சுமின் குருவான யெஷாக்கும் அவர் துணைவர்களும் கீஸ் மொழியில் ஆக்கியதாக அது சொல்கிறது. அதற்கு முன் ஆண்ட சாக்வே மன்னர் காலத்தில் அது ஏன் கீஸில் வரவில்லை என்பதற்கும் காரணம் தருகிறது: இஸ்ரயேலர் அல்லாதவர் ஆள்வது நெறிமீறல் என்று அந்நூல் கூறுகிறதாம். 1270-இல் யெகுனோ அம்லாக் சாக்வே அரசை வீழ்த்தி ஆட்சியைக் கைப்பற்றினார். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்றுள்ள வடிவம் பெற்ற நூல், வீழ்ந்தவர்களை அபகரித்தவர்கள் ஆக்கியது. வென்றவர்களை மீட்டவர்கள் ஆக்கியது.

இங்கே ஒரு முடிச்சு உண்டு. அதே குறிப்பு யாயிபிகா எக்சி என்ற ஆளுநரைப் புகழ்கிறது. வடக்கே எந்தெர்த்தாவை ஆண்ட அவர், பேரரசர் அம்தா செயோனை எதிர்த்துக் கிளர்ந்து ஒடுக்கப்பட்டவர். எனவே நூல் முதலில் அரச வம்சத்துக்காகவே எழுதப்படவில்லை, வடக்கின் உரிமையை நிலைநாட்ட எழுதப்பட்டதைப் பின்னர் அரண்மனை தனதாக்கிக்கொண்டது என்று சில ஆய்வாளர்கள் கருதுகின்றனர். எனக்கும் இதுவே பொருத்தமாகப் படுகிறது. போட்டியாளனின் ஆயுதத்தையே பறித்துக்கொண்டதால்தான் அந்த வம்சம் தன் கதையை இவ்வளவு இறுகப் பற்றிக்கொண்டது.

சாக்வே மன்னர்கள் கிறித்தவத்துக்குப் புறம்பானவர்களும் அல்லர். பாறையைக் குடைந்து லாலிபெலாவில் எழுந்த பதினொரு கோயில்கள் அவர்கள் காலத்தோடு இணைந்தவை; அங்குள்ள ஓடைக்கு யோர்தான் என்றே பெயர். மன்னன் லாலிபெலாவை எத்தியோப்பியத் திருச்சபை புனிதராக வணங்குகிறது. பக்திக்கு இடம் கொடுத்த மரபு, ஆட்சிக்கு இடம் கொடுக்கவில்லை. இன்னும் பின்னோக்கிப் போனால், நான்காம் நூற்றாண்டில் அக்சுமை ஆண்ட எசானா தன் தொடக்கக் கல்வெட்டுகளில் போர்த்தெய்வமான மஹ்ரெமின் மகன் என்று தன்னைக் குறிக்கிறான். கிறித்தவம் தழுவியபின் அந்தத் தந்தை கல்வெட்டிலிருந்து மறைகிறார். சாலொமோன் எங்கும் இல்லை. வேதம் மாறியபோது முன்னோரும் மாறினர். புதிய முன்னோர் வந்து சேர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிடித்தது.

அந்த வம்சாவளியின் சுமையை முழுதாகச் சுமந்தவர்கள் தங்களை பேத்தா இஸ்ராயேல் என்று அழைத்துக்கொண்ட மக்கள். தானா ஏரிக்கு வடக்கிலும் செமியன் மலைகளிலும் வாழ்ந்து, மோசேயின் சட்டத்தைப் பின்பற்றியவர்கள். அரசனே இஸ்ரயேலன் என்று சொல்லும் நாட்டில், கிறிஸ்துவை ஏற்காத இஸ்ரயேலர் இருப்பது அரசுக்கே சவாலாயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னன் யெஷாக், திருமுழுக்குப் பெறாதவருக்குப் பரம்பரை நில உரிமை இல்லை என்று ஆணையிட்டதாக மரபு கூறுகிறது. நிலம் இழந்தவர்கள் கொல்லர்களாகவும் குயவர்களாகவும் நெசவாளர்களாகவும் பிழைத்தார்கள். அவர்கள் அடித்த கொழுமுனையால் உழுத அண்டை வீட்டாரே, இரவில் கழுதைப்புலியாக உருமாறிக் கண்ணேறு வைப்பவர்கள் என்று அவர்களை அஞ்சினர். பதினேழாம் நூற்றாண்டில் மன்னன் சுசென்யோஸ் அவர்களது எஞ்சிய தன்னாட்சியையும் அழித்தான். வம்சாவளியின் விளைவை அரண்மனைச் சடங்குகளில் தேடுவதைவிட இந்த நில உரிமையில் தேடுவதே சரி என்று கருதுகிறேன்.

நூலின் அதிகாரம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் குன்றவில்லை. 1868-இல் மக்தலாக் கோட்டையைத் தகர்த்த பிரிட்டிஷ் படை, பேரரசர் தெவோத்ரோஸ் திரட்டியிருந்த சுவடிகளை அள்ளிச் சென்றது. 1872-இல் பேரரசர் நான்காம் யோஹன்னஸ் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் சட்டம் அடங்கிய ‘கெப்ரா நகஸ்ட்’ இல்லாமல் மக்கள் தம் ஆணைக்குக் கட்டுப்பட மாட்டார்கள் என்று முறையிட்டார். சுவடி திரும்பி வந்தது. 1974-இல் ஹைலே செலாசி பதவியிறக்கப்பட்டதோடு அந்தக் கால்வழியின் ஆட்சி முடிந்தது.

பேத்தா இஸ்ராயேலரின் வம்சாவளிக் கேள்வி அதோடு முடியவில்லை. அவர்களுள் பலர், தங்கள் முன்னோர் மெனெலிக்கோடு எருசலேமிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவந்தார்கள். தங்களை ஒடுக்கியவர்களின் கதையிலேயே தங்களுக்கும் ஓர் இடத்தைக் கண்டிருந்தார்கள். ஆனால் 1973-இல் இஸ்ரேலின் செபார்திய தலைமை ரபீ ஒவாடியா யோசேப் அவர்களை யூதர் என ஏற்றபோது, அவர் சான்றாகக் கொண்டது வேறு மரபு: எத்தியோப்பிய யூதர் தாண் கோத்திரத்தார் என்று பதினாறாம் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ரபீ டேவிட் பென் சிம்ரா அளித்த தீர்ப்பு. 1975-இல் குடியேறும் உரிமை கிடைத்தது. 1991 மே மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரை நாளில் 14,000-க்கும் மேற்பட்டோர் விமானங்களில் அழைத்துவரப்பட்டனர். அந்த நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயரும் சாலொமோன்.

அதற்கு முன்பே, முதல் பெரிய அலையாக வந்தவர்களிடம், ஐயம் நீங்கச் சடங்கு முழுக்கு எடுக்க வேண்டும் என்று தலைமை ரபீயகம் கேட்டது. அதை எதிர்த்து 1985-இல் எருசலேமில் வாரக்கணக்கில் மறியல் நடந்தது. தலைமுறைகளாக மணம் நடத்திவைத்த கெஸ் என்னும் குருமாருக்கு அந்த அதிகாரம் மறுக்கப்பட்டது. கீஸ் மொழியில் ஓதும் ஒரித் என்னும் திருநூல், எத்தியோப்பியக் கிறித்தவரோடு பகிர்ந்துகொண்ட வழிபாட்டு மரபு, யூத உலகில் வேறெங்கும் காண அரிதான துறவியர் வழி ஆகியவை இம்மக்கள் எத்தியோப்பிய மண்ணிலேயே உருவானவர்கள் என்பதற்குச் சான்று என்று ஸ்டீவன் கப்லான், கே ஷெலெமே போன்ற ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தாண் கோத்திரத்தைச் சான்றாகக் கொண்ட ஏற்புக்கு இந்த வரலாறு எதுவும் தேவைப்படவில்லை. 2008-இல் அவர்களது சிக்த் திருநாளை இஸ்ரேல் நாடாளுமன்றம் அரசு விழாவாக அறிவித்தது. கெஸ்மார் அன்று மக்கள் முன்னிலையில் ஓதுவது இன்றும் கீஸ் மொழியில்தான்.