உயில், செட்டில்மெண்ட், சோறு

முதுமை பற்றிப் பேசும்போது நம்மிடையே இரண்டு குரல்கள்தான் அதிகம் கேட்கின்றன. பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்கிற புலம்பல் ஒன்று. கூட்டுக் குடும்பம் சிதைந்ததே காரணம் என்கிற பண்பாட்டு ஒப்பாரி மற்றொன்று. நம் குடும்பங்களில் பாசம் பத்திரத்தின் வழியாகவும் ஓடுகிறது என்பதை இரண்டுமே மறைக்கின்றன. யார் எழுதினார்கள், யார் பேருக்கு எழுதினார்கள், யாரிடம் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கப்பட்டது என்று கேட்டால் முதுமையின் வரலாறு வேறு மாதிரி தெரியும். அதைத்தான் இங்கே தொகுத்துப் பார்க்க விரும்புகிறேன்.

'உயில்' என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்தது. மிதாட்சர முறையில் குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு. தகப்பன் தன் இஷ்டத்துக்கு எழுதிவைக்க அங்கே இடமில்லை. காலனிய நீதிமன்றங்கள்தான் இந்து உயிலுக்குச் சட்ட உருவம் கொடுத்தன. 1856இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் அதை ஏற்றது. 1870இல் இந்து உயில்கள் சட்டம் வந்தது. அந்தக் காகிதம் எதற்கெல்லாம் பயன்படும் என்பதை 1872இல் தீர்ப்பான தாகூர் வழக்கு காட்டியது. கல்கத்தாவின் பிரசன்ன குமார் தாகூர், கிறிஸ்தவரான தன் மகன் ஞானேந்திர மோகனுக்கு ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டுப் போனார். இன்னும் பிறக்காத வாரிசுகளுக்குச் சொத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிவைக்க முடியாது என்றது பிரிவி கவுன்சில். ஆனால் இந்து உயில் செல்லும் என்பது அதில் மேலும் உறுதிப்பட்டது. ஆக உயில் என்பது செத்த பிறகும் வீட்டை ஆளும் கை.

பெண்களின் கதை வேறு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1937இன் சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்தது, ஆயுள் வரைக்கும் மட்டும். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடக்கப்பட்டதையொட்டி 1951இல் அம்பேத்கர் மந்திரி பதவியை விட்டார். பிறகு துண்டு துண்டாக 1955-56இல் சட்டங்கள் வந்தன.

1956இன் இரண்டு சட்டங்களை அருகருகே வைத்து வாசிக்க வேண்டும் என்பேன். இந்து வாரிசுரிமைச் சட்டம், அப்பா உயில் எழுதாமல் போனால் அவர் சொத்தில் மகளுக்கும் பங்கு என்றது. விதவையின் ஆயுள் பாத்தியத்தை முழு உரிமையாக்கியது. அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, கூட்டுக் குடும்பத்தில் தனக்குள்ள பங்கையும் ஒருவர் உயில் எழுதலாம் என்று அனுமதித்தது. மகளுக்குக் கதவைத் திறந்து, பூட்டுச் சாவியை அப்பன் கையில் கொடுத்த கதை இது. அடுத்தது தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். அதன் 20ஆம் பிரிவு, வயதான பெற்றோரைப் பராமரிக்கும் கடமையை மகன், மகள் இருவர் மீதும் வைத்தது. மகளுக்குக் கடமை 1956லேயே வந்துவிட்டது. கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது, அதுவும் அதற்கு முன் கல்யாணமாகாதவர்களுக்கு மட்டும். நாடு முழுக்க 2005இல். அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2020இல். இத்தனைக்குப் பிறகும் 'விடுதலைப் பத்திரம்' நிற்கவில்லை. "சீர்வரிசை செஞ்சாச்சுல்ல, ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா" என்ற ஒரு வாக்கியம் நூறு வருஷப் போராட்டத்தைப் பதிவாளர் அலுவலகத் திண்ணையில் முடித்துவைக்கிறது.

இனி எழுதிக் கொடுப்பவர்களின் பக்கம். உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும். உயிர் இருக்கும் வரை மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். தான செட்டில்மெண்ட் அப்படியல்ல. பதிவானதும் சொத்து கைமாறிவிடும். மனசு மாறிவிட்டது என்று சொல்லித் திரும்ப வாங்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல், "உயில்னா நாளைக்கு வம்பு வரும், இப்பவே எழுதிடு" என்ற பேச்சில் வீட்டை இழந்தவர்கள் ஏராளம். செட்டில்மெண்டை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். 'அன்பு, பாசம் காரணமாக', 'பிறர் தூண்டுதலின்றி', 'சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்றெல்லாம் வரும். எழுதியவளுக்கு நாளைக்குச் சோறு யார் போடுவது என்று ஒரு வரி பெரும்பாலும் இருக்காது.

2007இன் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் இந்த மௌனத்தில்தான் கைவைத்தது. பராமரிப்பு நிபந்தனையோடு எழுதிய சொத்தை, சோறு போடாவிட்டால் ரத்து செய்யலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. தமிழ்நாட்டில் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். மாதாந்திரப் பராமரிப்புக்கு உச்ச வரம்பு 10,000 ரூபாய் என்று சட்டம் வைத்தது. நிபந்தனை நிரூபிக்கப்படாவிட்டால் ரத்து கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொன்னது. மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவரின் வழக்கில் 2025இல், சட்டத்தின் நோக்கத்தைப் பார்த்துத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், 'அன்பு, பாசம்' என்பதே மறைமுக நிபந்தனைதான் என்றது. சடங்காக எழுதப்பட்ட சொற்களை நீதிமன்றம் நிஜமாக எடுத்துக்கொண்ட தருணம் அது. என்றாலும் தீர்ப்பை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது. வீட்டில் ஆயுள் முழுக்கக் குடியிருக்கும் பாத்தியத்தையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கஞ்சி வைத்துக் கொடுக்கும் மருமகளின் உழைப்பு எந்தப் பத்திரத்திலும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு கேள்வி. எழுதிக்கொடுக்க எதுவும் இல்லாதவர்கள்? நிலம் மறுக்கப்பட்ட தலித் கூலிக் கிழவிக்கு 23ஆம் பிரிவால் என்ன பயன்? ரத்து செய்ய அவளிடம் பத்திரமே இல்லை. பராமரிப்புக் கேட்டு மனுப் போடலாம்தான், ஆனால் மகனே அன்றாடங்காய்ச்சி. அவளுக்கு இருப்பது 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகை. அது 2023இல்தான் 1,200 ரூபாய் ஆனது. சொத்துள்ள முதுமைக்குச் சட்டமும் சொத்தில்லாத முதுமைக்குச் சலுகையும் என்று அரசு பிரித்து வைத்திருக்கிறது. அவள் நாற்று நட்ட வயலைத்தான் இன்னொருவர் 'அன்பு, பாசம் காரணமாக' எழுதிக்கொடுக்கிறார். அந்த வயலில் அவளுக்குள்ள பங்கு எந்தப் பத்திரத்தில் இருக்கிறது?