சாகர் கவச்

கடல்வழி ஊடுருவலைத் தடுப்பதற்கான பாதுகாப்பு ஒத்திகை. பெயருக்குக் கடற்கவசம் என்று பொருள். 2008 நவம்பர் 26 அன்று 10 பேர், ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றி வந்து மும்பையைத் தாக்கியதே இதற்கு வித்து. தமிழ்நாட்டில் கடற்படை, கடலோரக் காவல்படை, 1994இல் தொடங்கிய காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் ஆகியவை சேர்ந்து நடத்துகின்றன. ஒரு பிரிவினர் பயங்கரவாதிகள்போல வேடமிட்டு, டம்மி வெடிகுண்டுடன் கரையேற முயல்வார்கள். மற்றவர்கள் மடக்கிப் பிடிக்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு மீனவக் குப்பங்களும் காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்களும் இதன் களங்கள். படகை நிறுத்தி அடையாள அட்டையைப் பார்ப்பார்கள். வலைக்குவியலையும் புரட்டிப் பார்ப்பார்கள். ஆனாலும் இதன் உயிர்நாடி மீனவர்களே. அந்நியப் படகை முதலில் இனங்காணும் கண் அவர்களுடையது. தகவல் சொல்ல 1093 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.